டாக்டரின் கம்ப்யூட்டரும் ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமையும்

எங்கள் தெருமுனையில் ஒரு டாக்டர் இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர். போர்டில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும்தான் இருக்கும். காலை ஏழரைக்கு டோக்கன் கொடுக்க ஆரம்பித்தால் மதியம் ஒன்றரைக்குள் ஐம்பது, அறுபது பேரைப் பார்த்துவிடுவார். மாலையில் கூட்டம் குறைவு. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள்தான் பாதிக்கு மேல். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது சில வருஷங்களாக என் வேலை. சம்பளம் கிடையாது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் டோக்கன் இல்லாமல் உள்ளே போகலாம், அவ்வளவுதான்.

டெலிபோன் டிபார்ட்மெண்டில் நான் இருந்த காலத்துக் கதைகளை முன்பே எழுதியிருக்கிறேன். கிராமத்து சி-டாட் எக்ஸ்சேஞ்சுகளோடு மல்லுக்கட்டியே முடி நரைத்துப்போனது. 2013-ல் ஓய்வு. ஓய்வுக்குப் பிறகு லினக்ஸ் கற்றுக்கொண்டேன். அதைக் கற்றுக்கொண்ட கர்வத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தைத்தான் இன்று எழுதப்போகிறேன். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம், எழுத வெட்கமாக இருந்தது.

டாக்டர் 2008 வாக்கிலேயே ஒரு சாஃப்ட்வேர் வாங்கி வைத்திருந்தார். யாரோ விற்றார்கள், வாங்கினார். எந்த கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. கம்ப்யூட்டரின் பின்னால் கட்டை விரல் அளவில் ஒரு பூட்டு செருகியிருக்கும். அது இல்லாவிட்டால் புரோகிராம் திறக்காது. 2016-ல் அந்தக் கம்ப்யூட்டர் செத்துப்போனது. புதிய கம்ப்யூட்டரில் புதிய விண்டோஸ். அதில் அந்தப் பூட்டு வேலை செய்யவில்லை. விற்றவர்களின் போன் நம்பருக்கு அடித்தால், 'இந்த எண் உபயோகத்தில் இல்லை'. டெலிபோன்காரனான என்னிடமே அந்த நம்பரைக் கொடுத்து, "சார், இவங்க எங்கதான் போனாங்கன்னு கண்டுபிடிங்களேன்" என்றார். கண்டுபிடிக்க முடியவில்லை. எட்டு வருஷத்து நோயாளிகள் விவரம் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாக இருந்தது. படிக்கத்தான் முடியவில்லை. அரிசி நிறைந்த குதிருக்குச் சாவி தொலைந்த மாதிரி.

அப்போதுதான் நான் நடுவில் புகுந்தேன். "டாக்டர், கட்டற்ற மென்பொருள்னு ஒண்ணு இருக்கு. காசு கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்குன்னு யார் வேணும்னாலும் பார்க்கலாம், திருத்தலாம். பூட்டு கிடையாது."

"இலவசமா?" என்றார் சந்தேகத்தோடு. நம் ஊரில் இலவசம் என்றால் மிக்சி, கிரைண்டர், ஃபேன். ரிப்பேர் ஆனால் யாரிடம் போவது என்பது அவர் கவலை. நியாயமான கவலைதான். அதற்கு அன்று என்னிடம் சரியான பதில் இல்லை. "நான் இருக்கேனே" என்றேன். அந்த வாக்கியத்தின் கனம் அப்போது தெரியவில்லை.

தேடிப்பார்த்ததில் க்னூமெட் என்ற ஒன்று கிடைத்தது. சிறிய மருத்துவமனைகளுக்காக டாக்டர்களும் கம்ப்யூட்டர்காரர்களும் சேர்ந்து எழுதியது. ஜெர்மனியில் அதிகம் வளர்ந்தது. நம் டாக்டருக்குப் பிடித்த விஷயம் ஒன்று அதில் இருந்தது. நோயாளியின் பெயரைத் தேடி எடுத்தவுடன் திரையின் மேல் பகுதியில், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற அலர்ஜி விவரம் வந்து நிற்கும். எந்தப் பக்கத்துக்குப் போனாலும் அது போகாது. அதைப் பார்த்ததும் டாக்டர், "இதை எழுதினவன் நோயாளியைப் பார்த்தவன்தான்யா" என்றார். இன்னொன்று எனக்குப் பிடித்தது. எழுதியதைத் திருத்தினால் பழையது அழியாது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்பது பின்னால் தனிப் பட்டியலில் சேர்ந்துகொண்டே இருக்கும். சர்வீஸ் புக் பார்த்துப் பழகிய அரசாங்க ஊழியனுக்கு இது பிடிக்காமல் இருக்குமா?

முதலில் அவர்கள் தளத்திலிருந்து நேராக இறக்கி நிறுவப் பார்த்தேன். ஒரு வாரம் போனது. இது வேண்டும் என்று கேட்கும், அதைப் போட்டால் அது இன்னொன்றைக் கேட்கும். பைத்தான் வேண்டும், திரையில் ஜன்னல் வரைய ஒரு நூலகம் வேண்டும், விவரங்களைச் சேமிக்க போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வேண்டும். ஒவ்வொன்றிலும் இந்த வெர்ஷன்தான் ஆகும், அந்த வெர்ஷன் ஆகாது என்ற நிபந்தனை வேறு. கல்யாணத்துக்குச் சமையல்காரர், நாதஸ்வரம், பந்தல் மூவரையும் ஒரே முகூர்த்தத்துக்குப் பிடிக்கிற கஷ்டம்.

பிறகுதான் டெபியன் என்ற லினக்ஸில் இதையெல்லாம் யாரோ ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. டெபியன் 1993-ல் இயான் முர்டாக் என்ற மாணவர் தொடங்கியது. தன் பெயரையும் தன் காதலி டெப்ராவின் பெயரையும் சேர்த்து வைத்தார். உலகம் முழுக்க இருக்கிற தன்னார்வலர்கள் அதை நடத்துகிறார்கள். அதற்குள்ளே 2002-ல் ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் டில்லே என்பவர் 'டெபியன் மெட்' என்று ஒரு பிரிவைத் தொடங்கினார். மருத்துவத்துக்கும் உயிரியல் ஆராய்ச்சிக்கும் உதவுகிற மென்பொருள்களை எல்லாம் தேடிப் பிடித்து, டெபியனில் ஒழுங்காகப் பொருந்தும்படி கட்டிக் கொடுப்பது அவர்கள் வேலை. புரோகிராம் எழுதுகிறவர்கள் வேறு, கட்டிக் கொடுக்கிறவர்கள் வேறு என்பதே எனக்கு அன்றுதான் புரிந்தது. விதை கொடுத்தால் போதாது, நாற்றங்கால் போட்டு முடிச்சு முடிச்சாகக் கட்டிக் கொடுக்க ஒருவர் வேண்டும் அல்லவா? அந்த வேலை. இந்தப் பேக்கேஜுக்கு எவை எவை கூட வரவேண்டும் என்று அதிலேயே எழுதி வைத்திருப்பார்கள். ஒரு வரி தட்டினால் எல்லாம் வரிசையாக வந்து உட்காரும். நடுவழியில் யாரும் கலப்படம் செய்யவில்லை என்பதற்குக் கையெழுத்துச் சோதனையும் உண்டு. ஒரு வாரம் முடியாத வேலை ஒரு மதியத்தில் முடிந்தது.

2017 கடைசியில், டெபியன் 9-ல், டாக்டரின் மேஜையில் க்னூமெட் ஓட ஆரம்பித்தது. டெபியன் வெர்ஷன்களுக்கு 'டாய் ஸ்டோரி' படத்துப் பாத்திரங்களின் பெயர் வைப்பது வழக்கம். 9-க்கு ஸ்ட்ரெட்ச் என்ற ரப்பர் ஆக்டோபஸ், 10-க்கு பஸ்டர் என்ற நாய். என் பேரனுக்கு இது தெரிந்ததிலிருந்து, "தாத்தா, டாக்டர் வீட்ல இப்ப எந்த பொம்மை?" என்று கேட்பான்.

டாக்டரிடம் பதினைந்து வருஷமாக இருக்கிற சிஸ்டர்தான் டோக்கன், ஊசி, கட்டு, கணக்கு எல்லாம். அந்த அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் பயம். இரண்டு மாதத்தில் டாக்டரை விட வேகமாகத் தட்ட ஆரம்பித்துவிட்டார். ஆனாலும் டோக்கன் நோட்டை விடவில்லை. "அது பாட்டுக்கு அது இருக்கட்டும் சார்" என்று பழைய நீள நோட்டில் பெயர், ஊர், என்ன தொல்லை என்று ஒரு வார்த்தை எழுதி வைப்பார். இரட்டை வேலை என்று நான் கிண்டல் செய்திருக்கிறேன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா வந்தது. அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் தெருவில் கரண்ட் வரப் பதினெட்டு நாள் ஆனது. டாக்டர் இரண்டாம் நாளே திறந்துவிட்டார். மரம் விழுந்து அடிபட்டவர்கள், தகரம் கிழித்தவர்கள், கூரை போய் மழையில் நனைந்த குழந்தைகள். நான் பென் டிரைவில் இருந்த பேக்அப்பை என் பழைய லேப்டாப்பில் ஏற்றினேன். ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு கடையில், மொபைல் சார்ஜ் போட நின்ற வரிசையில் நின்று, தினமும் லேப்டாப்பை சார்ஜ் செய்து கொண்டுவந்து கொடுத்தேன். புயலுக்கு முந்தின ராத்திரி வரை எல்லா விவரமும் இருந்தது. டாக்டர் வருகிறவர்களிடமெல்லாம், "பாத்தீங்களா, கரண்ட் இல்லாமலே என் கம்ப்யூட்டர் ஓடுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் கவிழ்த்தது. பேக்அப் என்ற ஒன்றைப் பற்றி அதன் பிறகு நான் கவலைப்படவே இல்லை. அதுதான் ஒருமுறை காப்பாற்றிக் காட்டிவிட்டதே! ராத்திரி பத்து மணிக்குத் தானாகவே எடுத்து பென் டிரைவில் போடும். எப்போதாவது எட்டிப் பார்ப்பேன். தேதி போட்ட கோப்புகள் வரிசையாக நிற்கும். திருப்தியோடு வந்துவிடுவேன்.

2019 ஜூலையில் டெபியன் 10 வெளியானது. இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். டெபியனின் நிலையான பதிப்பில் ஒரு குணம். வெளியான பிறகு அதற்குள் இருக்கிற புரோகிராம்களின் வெர்ஷன் மாறாது. பாதுகாப்பு ஓட்டைகளையும் பெரிய குறைகளையும் மட்டும் அடைப்பார்கள். டாக்டருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நேற்று இருந்த பொத்தான் இன்றும் அதே இடத்தில் இருக்கும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அடுத்த பதிப்பு வரும்போது எல்லாம் சேர்ந்து ஒரே நாளில் மாறும். சின்னச் சின்னதாக வராத மாற்றம் மொத்தமாக வரும்.

9-லிருந்து 10-க்குப் போனால் போஸ்ட்கிரெஸ் 9.6-லிருந்து 11 ஆகிறது. க்னூமெட்டும் மாறுகிறது. க்னூமெட்டில் புரோகிராமின் வெர்ஷனும் டேட்டாபேஸின் வெர்ஷனும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். டேட்டாபேஸின் பெயரிலேயே அந்த எண் இருக்கும். எங்களுடையது வி21. புதிய புரோகிராம் கேட்பது வி22. பொருந்தாவிட்டால் உள்ளேயே விடாது. இது கடுமையாகத் தெரியும். ஆனால் இரத்த அழுத்தம் எழுதும் இடத்தில் சர்க்கரையின் அளவு போய் உட்காருவதைவிட, கதவைச் சாத்திவிடுவது மேல்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் ஏற்பாடு அழகானது. மேம்படுத்தச் சொன்னால் பழைய டேட்டாபேஸைத் தொடாது. முதலில் அதை அப்படியே நகல் எடுத்து, நகலுக்கு வி22 என்று பெயர் வைத்து, மாற்றங்களை எல்லாம் அந்த நகலில் செய்யும். நடுவில் ஏதாவது தவறினால் வி21 மூலையில் அப்படியே உட்கார்ந்திருக்கும். டாக்டர்களுக்காக எழுதியவர்களின் ஜாக்கிரதை. சி-டாட் எக்ஸ்சேஞ்சிலும் நாங்கள் இதைத்தான் செய்வோம். அதில் முக்கியமான அட்டைகள் எல்லாம் இரட்டை. ஒன்று வேலை செய்யும், ஒன்று தயாராகக் காத்திருக்கும். ஒரு பக்கம் சரியாக ஓடுவதைப் பார்க்காமல் இன்னொரு பக்கத்தில் கை வைத்தால் சப்-டிவிஷனல் இன்ஜினீயர் உயிரை எடுத்துவிடுவார். முப்பது வருஷம் இதிலேயே ஊறியவன் நான்.

ஆடி மாதக் கடைசி ஞாயிறு. கிளினிக் விடுமுறை. "ஆடியில எதையும் புதுசா ஆரம்பிக்காதீங்கன்னு சொன்னா கேக்கறதில்ல" என்று மனைவி முனகினாள். "புதுசு இல்ல, இருக்கறதைப் புதுப்பிக்கறேன்" என்று வியாக்கியானம் சொல்லிவிட்டுப் போனேன்.

காலை முழுக்க டெபியன் 10 இறங்கியது. நடுவில் திரையில் ஒரு பெரிய அறிவிப்பு வந்தது. போஸ்ட்கிரெஸின் பழைய வெர்ஷன் காலாவதியாகிவிட்டது, உங்கள் விவரங்கள் இன்னும் பழையதில்தான் இருக்கின்றன, அவற்றை நீங்கள்தான் புதியதற்கு மாற்ற வேண்டும் என்ற பொருளில். அதைக் கட்டிக் கொடுத்தவர்கள் என் போன்ற ஆளை நினைத்துத்தான் அதை எழுதியிருக்க வேண்டும். நான் பாதி படித்துவிட்டு என்டர் தட்டினேன்.

எல்லாம் முடிந்தபோது கம்ப்யூட்டரில் இரண்டு போஸ்ட்கிரெஸ்கள் இருந்தன. 9.6-ல் டாக்டரின் நோயாளிகள். பக்கத்திலேயே 11, புது வீடு மாதிரி காலியாக. பழையதை 11-க்கு மாற்றும் கட்டளைக்கு முன்னால் அந்தக் காலி 11-ஐ நீக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் இல்லை என்று சொல்லும். ஒரே ஒரு கட்டளை. அதில் வெர்ஷன் எண்ணைக் கொடுக்க வேண்டும். அது 'நிச்சயமா?' என்று கேட்காது. நிறுத்து, அழி என்றால் நிறுத்தி அழித்துவிடும்.

நான் 9.6 என்று தட்டினேன்.

ஏன் தட்டினேன் என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். யாரும் கூப்பிடவில்லை, போன் அடிக்கவில்லை, கண்ணும் நன்றாகத்தான் தெரிந்தது. நீக்குவது என்றால் பழையதைத்தான் நீக்குவோம் என்று கை நினைத்துக்கொண்டது, அவ்வளவுதான். ஒரு நொடிகூட ஆகவில்லை. பட்டியலைப் பார்த்தேன். 11 மட்டும் நின்றது. காலி.

வியர்த்துவிட்டது. ஆனாலும் பயம் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். பேக்அப் இருக்கிறதே! பென் டிரைவைத் திறந்தேன். சனிக்கிழமைக் கோப்பை ஏற்றினேன். எதுவும் வரவில்லை. அப்போதுதான் கோப்பின் அளவைப் பார்த்தேன். பூஜ்யம். வெள்ளிக்கிழமை, பூஜ்யம். வியாழன், பூஜ்யம். பென் டிரைவ் நிரம்பிப் போயிருந்தது. நிரம்பிய பிறகும் ஒவ்வொரு ராத்திரியும் தேதி போட்டு ஒரு கோப்பை உருவாக்கியிருக்கிறது, உள்ளே வைக்க இடமில்லாமல். பெயரும் தேதியும் ஒழுங்காக இருந்தன. அவற்றைத்தானே நான் எட்டிப் பார்த்துத் திருப்தி அடைந்துகொண்டிருந்தேன்.

புதன்கிழமைக் கோப்பு முழுசாக இருந்தது. அதை ஏற்றி, வி22-க்கு மாற்றி, எல்லாம் ஓடும்போது மாலை ஐந்து. மூன்று நாள் போய்விட்டது.

டாக்டர் வீட்டுக்குப் போனேன். ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், மூணு நாள் போயிடுச்சு."

"எந்த மூணு நாள்?"

"வியாழன், வெள்ளி, சனி. என் தப்பு." நடந்ததை அப்படியே சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றுதான். "சிஸ்டரோட டோக்கன் நோட்டு இருக்குல்ல?"

அன்று ராத்திரி ஒரு மணி வரை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். சிஸ்டர் நோட்டிலிருந்து பெயரைப் படிப்பார். மூன்று நாளுக்கு நூற்று அறுபத்தொரு பேர். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு நினைவிலிருந்து சொல்வார். நான் தட்டுவேன். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் பில் நகல்களைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். லேப் வைத்திருக்கும் தம்பி ரிசல்ட் எல்லாவற்றையும் திரும்ப பிரின்ட் எடுத்துத் தந்தார். முக்கால்வாசிக்கு மேல் மீட்டுவிட்டோம். சிஸ்டர் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. நோட்டைப் புரட்டும்போது பக்கத்தை மட்டும் கொஞ்சம் அழுத்தித் திருப்பிய மாதிரி எனக்குத் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை மாலை டாக்டர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். உள்ளே போனதும் கதவைச் சாத்தச் சொன்னார்.

அன்று காலை ஒரு பெரியவர் மனைவியோடு வந்திருக்கிறார். விவசாயி. போன வாரம் மகன் வீட்டுக்கு வெளியூர் போயிருந்தபோது சிறுநீர்க் கடுப்புக்காக அங்கே யாரோ சல்ஃபா மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். உடம்பெல்லாம் தடித்து, முகம் வீங்கி, வெள்ளிக்கிழமை நம் டாக்டரிடம் வந்தார். டாக்டர் அதை நிறுத்தி, வேறு மருந்து கொடுத்து, சிறுநீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, அலர்ஜி என்று கம்ப்யூட்டரில் ஏற்றினார். ஞாயிறு ராத்திரி நாங்கள் மீட்டபோது டோக்கன் நோட்டில் அவர் பெயருக்கு நேரே 'அரிப்பு' என்று மட்டும் இருந்தது. மெடிக்கல் ஷாப் பில்லில் செட்ரிசின். டாக்டருக்கு அந்த முகம் நினைவுக்கு வரவில்லை. நாங்களும் அரிப்பு என்றே ஏற்றினோம். செவ்வாய்க்கிழமை லேப் ரிசல்ட் வந்தது. கிருமிக்கு எந்த மருந்து கேட்கும் என்ற பட்டியலில் சல்ஃபாவும் இருந்தது. வெளியே நாற்பது பேர். திரையின் மேலே அலர்ஜி இடத்தைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. மாத்திரையை எழுதிவிட்டார். வழக்கம்போல எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி, மருந்தின் பெயரையும் சொன்னார்.

பெரியவரின் மனைவி முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலி அட்டையை எடுத்து மேஜையில் வைத்தாராம். "இந்த மாத்திரைதானே அய்யா? ஆகாதுன்னு அன்னைக்கே கம்ப்யூட்டர்ல எழுதிட்டேன், இனி நீங்க ஞாபகம் வச்சுக்க வேணாம்னு சொன்னீங்களே?"

டாக்டர் அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டவில்லை. "சொன்னேன் சார், அப்படித்தான் சொன்னேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னார். சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு மருந்து எழுதியிருக்கிறார். பெரியவர் நன்றாகத்தான் இருக்கிறார். போன தையில்கூட அவர் வயலில் விளைந்த பச்சைப் பயறு ஒரு பை டாக்டர் வீட்டுக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து படுத்தேன், தூக்கம் வரவில்லை. சாஃப்ட்வேரில் குறை இல்லை. எழுதியவர்கள் பழையதைத் தொடாமல் நகல் எடுத்தார்கள். கட்டிக் கொடுத்தவர்கள் எச்சரிக்கை எழுதினார்கள். எங்கேயோ ஜெர்மனியில் இருந்து மன்னார்குடித் தெருமுனை வரைக்கும் அத்தனை பேரும் ஜாக்கிரதையாகக் கைமாற்றி வந்ததை, கடைசி ஆளான நான்தான் கீழே போட்டேன். பூட்டுப் போட்ட அந்தப் பழைய கம்பெனியை நான் எவ்வளவு திட்டியிருப்பேன்!

மறுநாள் டாக்டரிடம், "வேற யாரையாவது பார்க்கச் சொல்லுங்க" என்றேன். "எனக்கும் ஒரு ஊசி தப்பாப் போயிருக்கு சார், 1979-ல. அதுக்கப்புறம்தான் ஒழுங்கா மருந்து பேரைப் படிக்க ஆரம்பிச்சேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில விஷயங்களை மாற்றினோம். பென் டிரைவ் போய் இரண்டு ஹார்ட் டிஸ்க் வந்தது. ஒன்று கிளினிக்கில், ஒன்று என் வீட்டில், வாரம் ஒருமுறை மாற்றிக்கொள்வோம். பேக்அப் கோப்பு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருந்தால் காலையில் திரையில் சிவப்பாக ஒரு செய்தி வரும்படி செய்தேன். இதெல்லாம் சுலபம். முக்கியமானது வேறு. மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை, பேக்அப்பை என் பழைய லேப்டாப்பில் முழுசாக ஏற்றித் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். சிஸ்டர் டோக்கன் நோட்டில் அந்த வாரத்திலிருந்து ஐந்து பெயரைத் தேர்ந்தெடுப்பார். ஐந்து பேரும் லேப்டாப்பில் இருக்கிறார்களா, மேலே அலர்ஜி வரி சரியாக இருக்கிறதா என்று பார்ப்போம். பெரியவரின் பெயர் எப்போதும் ஆறாவதாகச் சேரும். டாக்டரும் ஒன்று மாற்றினார். அலர்ஜி இருக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அட்டையில் தமிழில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார். நோட்டைப் பற்றி நான் கிண்டல் செய்வதில்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது டாக்டருக்கு இருந்த கவலை கொரோனாவை விட, மாத்திரை தீர்ந்துபோகும் சர்க்கரைக்காரர்கள். பஸ் இல்லை. "ரெண்டு மாசத்துக்குள்ள வந்துபோன சுகர், பிரஷர் ஆளுங்க யாரு, போன் நம்பரோட எடுக்க முடியுமா?" என்றார். புரோகிராமில் அப்படி ஒரு பொத்தான் இல்லை. ஆனால் டேட்டாபேஸ் நம்முடையது, பூட்டு இல்லை. நேராக அதனிடமே கேட்டு, அரை மணியில் பெயரும் ஊரும் நம்பருமாகப் பட்டியல் எடுத்துக் கொடுத்தேன். சிஸ்டர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். மெடிக்கல் ஷாப் பையன் பைக்கில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுத்தான். பழைய பூட்டுக்காரப் புரோகிராமாக இருந்திருந்தால் இதைக் கேட்டிருக்கவே முடியாது.

2021 ஆகஸ்டில் டெபியன் 11 வந்தது. புல்ஸ்ஐ என்ற குதிரை, பேரன் சொன்னான். இந்த முறை அவசரப்படவில்லை. மூன்று மாதம் காத்திருந்தேன். பைத்தானின் பழைய 2-ஆம் வரிசைக்கு 2020-லேயே ஆதரவு நின்றுவிட்டதால் க்னூமெட்டும் 3-க்கு மாறியிருந்தது. முதலில் லேப்டாப்பில் முழு ஒத்திகை. ஒவ்வொரு படியையும் தமிழில் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதினேன். போஸ்ட்கிரெஸ் 11-லிருந்து 13-க்குப் போகிற படிக்கு வந்தபோது சிஸ்டரைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். நான் எண்ணைத் தட்டுவேன், அவர் திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிப்பார். நோட்டில் இருப்பதோடு ஒத்துப்போனால்தான் என்டர்.

"பதிமூணு" என்றார்.

"நிச்சயமா?"

"நீங்கதானே சார் தட்டினீங்க. பதிமூணுதான்."

போன வருஷம் எனக்குக் கண்புரை ஆபரேஷன். இரண்டு வாரம் திரையைப் பார்க்கக்கூடாது என்றுவிட்டார்கள். அதற்குள் முதல் சனிக்கிழமை வந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, ஞாபகப்படுத்தவும் இல்லை. மாலை ஏழு மணிக்கு போன் அடித்தது. மனைவி எடுத்துக் காதில் வைத்தாள்.

"சார், லேப்டாப்பை அம்மாகிட்ட கேட்டு மத்தியானமே எடுத்துட்டு வந்துட்டேன். ஏத்தியாச்சு. அஞ்சு பேரும் இருக்காங்க."

"ஆறாவது?"

"அவரும் இருக்காரு சார். மேல சல்ஃபான்னு போட்டிருக்கு. அளவையும் பார்த்துட்டேன், பூஜ்யம் இல்ல."